இரண்டரை மாசம்

இன்னைக்கு ஒரே ஒரு எண்ணைப் பத்திப் பேசப்போறேன்: இரண்டரை மாசம். ஒரு சிகிச்சை ஆயுளை அவ்வளவுதான் கூட்டுதுன்னா, அது வெற்றியா? இதுக்குப் பதில் சொல்ல 1884-க்குப் போகணும்.

நவம்பர் 25, லண்டன். 25 வயசு ஸ்காட்லாந்து விவசாயி ஒருத்தர். வலிப்பு, ஒரு பக்கக் கை செயலிழப்பு. எக்ஸ்ரேகூட வராத காலம். அறிகுறிகளை மட்டும் வச்சே, கட்டி மூளையில எந்த இடத்துல இருக்குன்னு ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர் கணிச்சார். ரிக்மன் காட்லீ மண்டையோட்டைத் திறந்தார். கட்டி அங்கேயே இருந்தது! ஆனா நாலு வாரத்துல தொற்று வந்து நோயாளி இறந்துட்டார்.

1920-களில் அமெரிக்காவின் வால்டர் டாண்டி இன்னும் துணிஞ்சார். மூளையின் வலது பாதியையே எடுத்தார். அப்பவும் கட்டி திரும்பி வந்தது. அருகம்புல்லைப் பிடுங்கின மாதிரிதான். மேலே சுத்தமாத் தெரியும், வேர் எங்கெங்கேயோ ஓடியிருக்கும். கத்தி மட்டும் போதாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.

அடுத்து கதிர்வீச்சு. 1978-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, அறுவைக்குப் பிறகு வேற சிகிச்சை இல்லாதவங்களில் பாதிப் பேர் 14 வாரம்கூடத் தாண்டல. கதிர்வீச்சு எடுத்தவங்களுக்கு அந்த நடு எண் சுமார் 35 வாரம். மருந்து சேர்த்தும் அது பெரிசா மாறல. ரத்தத்துல வர்ற பல மருந்துகளை மூளைக்குள்ள விடாத ஒரு தடுப்பு இருக்கே, அதுவும் ஒரு முட்டுக்கட்டை.

அந்தத் தடுப்பைத் தாண்டுற சின்ன மூலக்கூறுதான் டெமோசோலோமைடு. பர்மிங்காம் ஆஸ்டன் பல்கலைக்கழகத்துல மால்கம் ஸ்டீவன்ஸ் குழு உருவாக்கியது. மாத்திரையா விழுங்கலாம்.

2005-ல் ரோஜர் ஸ்டப் தலைமையிலான ஆய்வு வந்தது. கிளியோபிளாஸ்டோமா உள்ள 573 பேர். ஒரு பாதிக்கு அறுவைக்குப் பின் கதிர்வீச்சு மட்டும். மறு பாதிக்கு ஆறு வாரக் கதிர்வீச்சோடு தினமும் இந்த மருந்து, அப்புறம் ஆறு சுற்று வரைக்கும். நடு எண் 12.1 மாசத்துலேர்ந்து 14.6 ஆச்சு. அதான் நம்ம இரண்டரை மாசம்.

ஆனா நடு எண்ணுக்கு அந்தப் பக்கமும் பாதிப் பேர் இருக்காங்க இல்லையா? ரெண்டு வருஷம் தாண்டினவங்க 10.4 சதவீதத்துலேர்ந்து 26.5 ஆனாங்க. அஞ்சு வருஷம் தாண்டினவங்க 1.9-லேர்ந்து 9.8. மூணு ஆயுதமும் சேர்ந்த இந்த முறைதான் இன்னைக்கும் அடிப்படைச் சிகிச்சை.

இது நோயை வென்ற கதை இல்லை. ஆனா உங்க வீட்டுல யாருக்காவது ஒரு மருத்துவர் "பதினஞ்சு மாசம்"னு சொன்னா, அது கெடு தேதி இல்லை, வரிசையின் நடு இடம்தான். தாண்டிப் போனவங்க எத்தனை பேர்னும் கேளுங்க.