ரமணாசிரமக் கோசாலையும் பசு லட்சுமியும்

திருவண்ணாமலை நகரின் தென்மேற்கே, கிரிவலப் பாதையாகவும் விளங்கும் செங்கம் சாலையில் ரமணாசிரமம் அமைந்துள்ளது. அதன் கோசாலை 1926ஆம் ஆண்டில் தானமாக வந்த ஒரு பசுவையும் கன்றையும் தொடக்கமாகக் கொண்டது. அக்கன்றே பின்னாளில் ‘பசு லட்சுமி’ எனப் பெயர் பெற்றது. ஆசிரமத்தின் வளர்ச்சியையும், வருவாய்க்காக அல்லாமல் மாடு வளர்ப்பது எப்படி என்ற கேள்வியையும் இக்கோசாலையின் வரலாறு ஒருசேரக் காட்டுகிறது.

தொடக்கம்

ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தார். அவருடைய தாயார் அழகம்மாள் 1922 மே மாதத்தில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் ரமணர் மலைமேல் இருந்த கந்தாசிரமத்தை விட்டு இறங்கி, தாயாரின் சமாதி அருகே தங்கலானார். அப்போது அங்கே இருந்தவை சில ஓலைக் குடிசைகள்தாம். சுற்றிலும் காடு.

குடியாத்தத்தை அடுத்த குமாரமங்கலத்தைச் சேர்ந்த அருணாசலம் பிள்ளை என்னும் அன்பர், 1926இல் ஒரு பசுவையும் கன்றையும் ஓட்டிவந்து ரமணரிடம் ஒப்படைக்க முன்வந்தார். ரமணர் உடனே ஏற்கவில்லை. பால் தரும் பசுதானே என்று மகிழாமல், அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றே கேட்டார். அங்கே தொழுவமும் இல்லை, மேய்க்க ஆளும் இல்லை. அன்பரோ திரும்ப ஓட்டிச்செல்ல மறுத்துவிட்டார். அங்கிருந்த ராமநாத பிரம்மச்சாரி பொறுப்பேற்றுக்கொண்ட பிறகே பசுவும் கன்றும் தங்கின.

அந்த ஏற்பாடு சில மாதங்களே நீடித்தது. மாடுகளைக் கட்டிக் காப்பது குடிசைவாசிகளுக்கு எளிதாக இல்லை. ஆகவே ஊருக்குள் மாடு வைத்திருந்த பசுபதி ஐயர் என்பவரிடம் இரண்டையும் விட்டார்கள். மாட்டைப் பிறரிடம் வளர்க்கக் கொடுப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் வழக்கமானதே. ‘வாரத்துக்கு விடுவது’ என்பர். வளர்ப்பவர் தீனி போட்டுக் காப்பார். கிடைக்கும் பயனை உடையவரும் வளர்ப்பவரும் பேசிக்கொண்டபடி பகிர்ந்துகொள்வர்.

சுமார் ஓராண்டுக்குப் பின், பசுபதி ஐயர் ஆசிரமத்தை அடுத்த பாலித் தீர்த்தத்தில் குளிக்க வந்தபோது மாடுகளையும் ஓட்டிவந்தார். அன்று வழியைத் தெரிந்துகொண்ட லட்சுமி, பிறகு நாள்தோறும் காலையில் தானாகவே ஆசிரமத்துக்கு வந்து மாலையில் ஊர் திரும்பியது. பின்னர் தன் கன்றுகளுடன் ஆசிரமத்துக்கே வந்துசேர்ந்தது. ரமணரின் ஜயந்தி நாளில் அது குறைந்தது மூன்று முறை கன்று ஈன்றதாக ஆசிரம நூல்கள் குறிப்பிடுகின்றன.

கொட்டகை எவ்வளவு பெரியது?

மாடுகள் பெருகவே தொழுவம் தேவைப்பட்டது. ஆசிரம நிர்வாகத்தைக் கவனித்தவர் ரமணரின் தம்பி நிரஞ்சனானந்த சுவாமி. ‘சின்னசுவாமி’ என்று அழைக்கப்பட்ட அவர், கையில் இருந்த பணத்துக்கு ஏற்பச் சிறிய கொட்டகை போதும் என்று எண்ணினார். கட்டட வேலையை மேற்பார்த்தவர் அண்ணாமலை சுவாமி. எதிர்காலத்தில் மாடுகள் கூடும், ஆகவே பெரிதாகவே கட்டவேண்டும் என்று ரமணர் தம்மிடம் தனியே கூறியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். லட்சுமிக்கு வீடு அமைந்தால் அந்தப் புண்ணியத்தில் மற்றக் கட்டடங்களும் எழும் என்பது ரமணரின் கருத்து என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

இருவருக்கும் இடையே உரசல் ஏற்பட்டது. முடிவில் 1930களில் கோசாலை பெரிதாகவே எழுந்தது. அதைத் தொடர்ந்து உணவுக்கூடம் முதலியன கட்டப்பட்டன. தாயார் ஆலயமான மாத்ருபூதேசுவரர் கோயிலின் குடமுழுக்கு 1949 மார்ச்சில் நடந்தது. சின்னசுவாமியின் கவலையும் நியாயமற்றது அன்று. தீனிக்கும் கூரைக்கும் வழி தேடவேண்டியவர் அவரே.

லட்சுமியின் மறைவு

1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை லட்சுமி இறந்தது. கடைசி நேரத்தில் ரமணர் அருகில் அமர்ந்து அதன் தலையிலும் நெஞ்சிலும் கைவைத்திருந்தார். ஆசிரம வளாகத்திலேயே, நாய், மான், காகம் ஆகியவற்றின் சமாதிகளுக்கு அருகில் அது அடக்கம் செய்யப்பட்டது. லட்சுமி முக்தி அடைந்ததாகத் தேதி குறித்து ரமணர் ஒரு தமிழ் வெண்பா இயற்றினார். முற்காலத்தில் ரமணருக்குக் கீரை கொண்டுவந்து கொடுத்த ‘கீரைப்பாட்டி’யே லட்சுமியாகப் பிறந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய கடிதங்கள் லட்சுமி பற்றிய முக்கியச் சான்றுகளாகும்.

விளையாட்டுப் பண்ணையும் கோசாலையும்

இன்றைய மாணவர் பலருக்கு மாடு வளர்ப்பு கணினித் திரையில் அறிமுகமாகிறது. 2007இல் வெளிவந்த ‘ஃபார்ம் ஃப்ரென்சி’, 2009இல் ஃபேஸ்புக்கில் தொடங்கி 2020 இறுதியில் நிறுத்தப்பட்ட ‘ஃபார்ம்வில்’ போன்ற விளையாட்டுகளில் கோழியோ மாடோ வாங்கி, முட்டையும் பாலும் சேகரித்து, காசு சேர்க்கவேண்டும். அங்கே மாட்டுக்கு முதுமை இல்லை. பால் வற்றுவதும் இல்லை.

உண்மைத் தொழுவத்தில் கணக்கு வேறு. பசு ஏறத்தாழ 280 நாள் சினையாக இருந்து கன்று ஈன்ற பிறகே பால் தரும். பொதுவாகப் பத்து மாதம் கறந்தபின் கறவை நிற்கும். வைக்கோல், தவிடு, புண்ணாக்குச் செலவோ கறவை நின்ற நாளிலும் உண்டு. பிறப்பவற்றில் பாதி காளைக்கன்றுகள். டிராக்டர் வந்தபின் உழவுக்கும் வண்டிக்கும் அவற்றின் தேவை குறைந்துவிட்டது. வயதான பசு பாலே தராது. சிறு விவசாயி அதைச் சந்தைக்கு ஓட்டுவது கல்நெஞ்சத்தால் அன்று. அடுத்த மாட்டுக்கான முதல் அதில்தான் இருக்கிறது. கோசாலையில் அந்தச் செலவை நன்கொடையாளர்கள் ஏற்கிறார்கள். அதனாலேயே கறவை நின்ற மாட்டையும் அங்கே வைத்துக் காக்க முடிகிறது. பசுவை ஏற்குமுன் ரமணர் கேட்ட ‘யார் பார்த்துக்கொள்வது?’ என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

இன்று

கோசாலை இன்றும் இயங்கிவருகிறது. அதன் பால் ஆசிரமத் தேவைகளுக்குப் பயன்படுகிறது. மாட்டுப் பொங்கலன்று மாடுகளை அலங்கரித்துப் பூசை செய்கிறார்கள். லட்சுமியின் சமாதியையும் அதன் சிலையையும் ஆசிரமம் செல்வோர் காணலாம்.