லித்தோ கல்லில் ஒடுங்கிய எழுத்து

மம்சாபுரம் வழியாக ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே போகிறவர்கள் சுவரொட்டிகளில் காணும் தடித்த, ஒடுங்கிய, நெட்டையான எழுத்து ஈய வார்ப்பில் பிறந்ததல்ல, பக்கத்துச் சிவகாசியில் அச்சடிக்கப் பயன்பட்ட லித்தோ கல்லில் வளர்ந்தது என்றே கருதுகிறேன். 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கு லேபிள்கள் வேண்டியிருந்தன. அதனால் அச்சகங்கள் பெருகின. கையகலத்துக்கும் குறைவான பெட்டி முகப்பில் படமும் அடங்க வேண்டும், பெயரும் பளிச்சென்று தெரிய வேண்டும். கல்லில் ஓவியர் கையாலேயே எழுதியதால் எழுத்தை வேண்டிய மட்டும் நெருக்க முடிந்தது. வார்த்த ஈயம் அப்படி இணங்காது.

இந்த ஒடுங்கிய எழுத்து ஆங்கிலப் பாணியின் நகல்தானே என்று கேட்கலாம். முனைக்கொடி (செரிஃப்) இல்லாத ஆங்கில அச்செழுத்தை லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் 1816 வாக்கில் வெளியிட்டது உண்மை. யோசனை அங்கிருந்தே வந்திருக்கலாம். ஆனால் நேர்கோடுகள் மிகுந்த ஆங்கிலப் பெரிய எழுத்தை ஒடுக்குவது எளிது. ணகரத்தைத் தடித்த கோட்டில் ஒடுக்கினால் சுழிகள் அடைபட்டு மைத்திட்டாகிவிடும். சுழியில் கோட்டை மெலித்து, நிமிர்ந்த கோட்டை மட்டும் தடிக்கவிட வேண்டும். அந்த நுட்பத்தை எந்த ஆங்கில மாதிரியும் கற்றுத்தந்திருக்க முடியாது. அது நம் ஓவியர்களின் சொந்தச் சம்பாத்தியம். கையால் வரைந்த பழைய லேபிள்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.