பனிப் பள்ளத்தாக்கில் ஒரு பின்னற் பள்ளி

கம்பளி நூலும் ஊசிகளுமாகச் சில பெண்கள் கூடி அமர்ந்திருப்பதைக் கண்டால், அதனை வரலாற்றுக்குரிய காட்சியென்று நாம் கருதுவதில்லை. பொழுதுபோக்கு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் ஆண்டு வாரியாகக் குறித்து வைத்த நூல்கள், ஒரு காலுறையின் குதிகாலை எவ்வாறு திருப்பிப் பின்னுவது என்பதை யார் யாருக்குக் கற்பித்தார்கள் என்று பெரும்பாலும் குறித்து வைக்கவில்லை. ஆயினும், இமயமலையின் மடியில் அவ்வாறு கூடிய ஒரு பின்னல் வகுப்பு, ஒரு பள்ளத்தாக்கு மக்களின் வாழ்விலேயே நிலைத்துவிட்டது. அவ்வகுப்பைப் பற்றியும், கம்பளிக்கு நிறமூட்டிய பழைய சாயங்களைப் பற்றியும் இன்று நாம் சிந்திப்போம். வெளியிலிருந்து வந்த ஒரு கைத்தொழில் எப்போது ஒரு மக்களின் சொந்தப் பொருளாகிறது? இயற்கைச் சாயம் என்று நாம் இன்று போற்றும் வண்ணங்களுக்கு முன்னாளில் விலை கொடுத்தவர்கள் யாவர்? இவ்விரு வினாக்களும் நம் பேச்சின் ஊடே வந்துகொண்டிருக்கும்.

இமாசலப் பிரதேசத்தின் வடபால் அமைந்துள்ளது லாஹுல் பள்ளத்தாக்கு. சந்திரா, பாகா என்னும் இரண்டு ஆறுகள் தாண்டி என்ற ஊரருகே ஒன்றுகூடிச் சந்திரபாகாவாகி, பின்னர் செனாப் என்று பெயர் பெற்றுப் பாய்கின்றன. பாகா நதிக்கரையில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது கேலாங் என்னும் சிற்றூர். குலு பக்கத்திலிருந்து அங்குச் செல்வதற்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரமுள்ள ரோதங் கணவாயை முன்பு கடக்க வேண்டியிருந்தது. பனி விழத் தொடங்கிவிட்டால் கணவாய் மூடிக்கொண்டது. ஆண்டில் ஏறக்குறைய பாதி மாதங்கள் பள்ளத்தாக்கு உலகத்தோடு தொடர்பற்றுக் கிடந்தது. அம்மாதங்களில் வயலில் வேலை இருக்கவில்லை. வழியில் வணிகர் இருக்கவில்லை. வீட்டிலே அடுப்பும், ஆட்டுக் கம்பளியும், நீண்ட நேரமுமே இருந்தன. இந்த நிலையை மனத்தில் கொண்டால்தான் பின்வரும் செய்தி விளங்கும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் மொரேவிய சபையைச் சேர்ந்த ஹைடே, பாகெல் என்னும் இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் இந்தியாவுக்கு வந்தனர். மங்கோலியா செல்வதே அவர்களது நோக்கம். திபெத்தின் வழியாகச் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே 1856ஆம் ஆண்டில் கேலாங்கிலேயே தங்கித் தம் நிலையத்தை அமைத்துக்கொண்டனர். 1859இல் மரியா ஹார்ட்மன் என்னும் பெண்மணி ஹைடேயை மணந்து அங்கு வந்து சேர்ந்தார். தென் அமெரிக்காவிலுள்ள சூரினாமில் பாதிரிக் குடும்பத்தில் பிறந்து, ஜெர்மனியில் கல்வி பெற்றவர் அவர். 1898 வரை, அதாவது ஏறக்குறைய 40 ஆண்டுகள், அந்தப் பனிமலையூரிலேயே அவர் வாழ்ந்தார். சமயப் பணியில் அவர்களுக்குக் கிட்டிய பலன் மிகச் சிறிது. மதம் மாறியவர்களை எண்ணிவிடலாம். ஆனால் மரியா ஹைடே உள்ளூர்ப் பெண்களைக் கூட்டிவைத்து நடத்திய பின்னற் பள்ளியோ வேரூன்றிவிட்டது. சமயப் பிரசாரம் எதிர்பார்த்ததை அடையவில்லை. அதன் ஓரத்தில் நடந்த கம்பளி வகுப்பு எதிர்பாராததை அடைந்தது.

இதன் காரணம் என்ன? நெசவு லாஹுல் மக்களுக்குப் புதியதன்று. ஆட்டு மயிரைக் கத்தரித்து, கழுவி, சிக்கெடுத்து, கைக்கதிரில் நூற்றுத் துணி நெய்வது அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த தொழில். ஆனால் நெசவுக்குத் தறி வேண்டும். தறிக்கு இடம் வேண்டும். பின்னலுக்கோ இவை எதுவும் வேண்டா. நான்கைந்து ஊசிகள், ஓர் உருண்டை நூல், அவ்வளவே. அடுப்பருகே அமர்ந்தும் பின்னலாம். குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டும் பின்னலாம். மேய்ச்சலுக்குப் போகும் வழியில் நடந்துகொண்டும் பின்னலாம். மேலும், நெய்த துணியை வெட்டித் தைத்தால்தான் காலுக்குப் பொருந்தும். பின்னலில் கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் காலின் வடிவத்தையே நூலால் கட்டிவிடலாம். ஊசிகளில் வட்டமாகப் பின்னினால் தையலே இல்லாத காலுறை கிடைக்கும். தையல் இல்லாத இடத்தில் கால் உராய்வதில்லை. பனியில் நடப்பவருக்கு இது சிறிய நன்மையன்று.

ஊசிப் பின்னல் இந்தியாவின் பழைய கலைகளுள் ஒன்றன்று. அது பரவலானது ஐரோப்பியர் வரவுக்குப் பின்னரே. ஆயினும் அதனை ஐரோப்பியக் கலை என்று கூறிவிடுவதும் பொருந்தாது. இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல்களுட் சில எகிப்து நாட்டில் கண்டெடுக்கப்பட்ட பருத்திக் காலுறைத் துண்டுகள். வெள்ளை நூலும் நீலமூட்டிய நூலும் கலந்து, கோலம் போன்ற உருக்களுடன் அவை பின்னப்பட்டிருக்கின்றன. ஆகவே கேலாங்குக்கு இக்கலையைக் கொணர்ந்த ஜெர்மானியரும் அதனை ஒரு காலத்தில் பிறரிடமிருந்து பெற்றவர்களே. கைத்தொழில்களின் குலமரபை ஆராயப் புகுந்தால், கடன் வாங்காத நாடு ஒன்றேனும் கிடைப்பது அரிது.

லாஹுல் பெண்கள் கற்றதைக் கற்றபடியே வைத்திருக்கவில்லை. வகுப்பில் கற்றவள் தன் மகளுக்குக் கற்பித்தாள். அண்டை வீட்டாள் பார்த்துக் கற்றாள். காலுறையின் மேற்புறத்தில் பல நிறக் கட்டங்களும் வடிவங்களும் வரிவரியாக ஏறின. எழுத்தில் எழுதிய முறைநூல் அவர்களுக்கு இல்லை. ஒருத்தி பின்னியதை மற்றொருத்தி கையில் வாங்கி, கண்ணிகளை எண்ணி, தன் ஊசியில் மீண்டும் படைப்பாள். எண்ணும்போது ஓரிரு கண்ணிகளை மாற்றினால் அதுவே புதிய வடிவம். கைவேலையைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டமே இங்குப் பள்ளியும் ஆயிற்று, நூலகமும் ஆயிற்று. இவ்வாறு ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், 2021ஆம் ஆண்டில், லாஹுல் பின்னல் காலுறைக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அந்நியப் பெண்மணி ஒருவர் கற்பித்த பின்னல், அம்மண்ணுக்கே உரியதென்று சட்டத்தால் ஒப்புக்கொள்ளப்பட்டது. நம் முதல் வினாவுக்கு இதுவே விடை. ஒரு தொழில் எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், யார் அதில் தம் கையையும் கற்பனையையும் செலவிட்டனர் என்பதே அதன் உரிமையைத் தீர்மானிக்கிறது.

இனி நிறத்தைப் பற்றிப் பார்ப்போம். ஆட்டுக் கம்பளியிலேயே வெள்ளை, சாம்பல், பழுப்பு, கருமை என்னும் நிறங்கள் இயல்பாகக் கிடைக்கின்றன. அவை போதாதபோது மேற்கு இமயப் பகுதி மக்கள் செடி கொடிகளை நாடினர். அக்ரோட்டுக் காயின் பச்சைத் தோடு பழுப்பு நிறம் தரும். இரேவல்சின்னிக் கிழங்கு மஞ்சள் தரும். மஞ்சிட்டி வேர் செந்நிறம் தரும். இவற்றுள் மஞ்சிட்டியின் வரலாறு மிக நீண்டது. மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிக் கலத்தோடு ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணி மஞ்சிட்டி இனத்துச் சாயம் ஏற்றதாகவே ஆய்வாளர் கண்டனர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதே பணியைச் சாயவேர் செய்தது. சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணி கடல் கடந்து புகழ் பெற்றது அவ்வேரினால்தான்.

வேரைக் கொதிக்கவைத்து நூலை அமிழ்த்தினால் மட்டும் நிறம் நிலைப்பதில்லை. முதலில் நூலைப் படிகார நீரில் இளஞ்சூட்டில் ஊறவைக்க வேண்டும். படிகாரம் ஒரு புறம் இழையையும் மறு புறம் சாயத்தையும் பற்றிக்கொள்ளும். அதே மஞ்சிட்டிச் சாயத்தில் இரும்பு கலந்தால் சிவப்பு மங்கிக் கருஞ்சிவப்பாகும். சமையல் மஞ்சள் கண்ணைப் பறிக்கும் நிறம் தந்தாலும் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும்; மஞ்சிட்டியோ நெடுநாள் நிற்கும். கம்பளிக்கு இன்னொரு கவனமும் வேண்டும். சூடான சாயத்திலிருந்து எடுத்துத் திடீரென்று குளிர்ந்த நீரில் போட்டு அலசினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கித் தடித்துவிடும். ஆகவே சாயக்காரி நூலைச் சாயத்திலேயே ஆறவிடுகிறாள். பொறுமையும் இத்தொழிலில் ஒரு மூலப்பொருள்.

எல்லாச் சாயங்களிலும் விந்தையானது நீலம். அவுரி இலையை ஊறவைத்து, அந்நீரைக் கடைந்து, அடியில் படியும் வண்டலைக் காயவைத்துக் கட்டியாக்குவர். அக்கட்டி நீரில் கரைவதில்லை. அதனைத் தொட்டியில் இட்டுப் புளிக்கவைத்தால் நீலம் தன் நிறத்தை இழந்து கரையும். அதில் தோய்த்த நூலை வெளியே எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாகத் தோன்றும். காற்றுப் பட்டதும் நம் கண்ணெதிரிலேயே பச்சை மறைந்து நீலம் மலரும். படிகாரமும் இதற்குத் தேவையில்லை. இந்த நீலக்கட்டி குதிரை, கழுதை முதுகுகளில் ஏறி, பஞ்சாபிலிருந்து இமயக் கணவாய்களைக் கடந்து மத்திய ஆசியா வரை சென்றது.

ஆனால் நேயர்களே, இந்த நீலத்தின் கதையில் நாம் மறக்கலாகாத பகுதி ஒன்று உண்டு. வங்காளத்தில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் முன்பணம் கொடுத்துக் குடியானவர்களைக் கட்டாயப்படுத்தி அவுரி பயிரிட வைத்தனர். நெல் விளைய வேண்டிய நிலத்தில் அவுரி விளைந்தது, கடனோ தீரவில்லை. 1859இல் குடியானவர்கள் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்தனர். 1860இல் விசாரணைக் குழு அமைந்தது. அவ்வாண்டிலேயே தீனபந்து மித்ரா 'நீல தர்ப்பணம்' என்னும் நாடகத்தை வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்னும் பாதிரியார் 1861இல் ஒரு மாதச் சிறைத்தண்டனையும் 1,000 ரூபாய் அபராதமும் பெற்றார். பீகாரில் சம்பாரண் விவசாயிகள் ஒவ்வொரு பீகா நிலத்திலும் 20 கட்டாவுக்கு 3 கட்டா வீதம் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1917இல் காந்தியடிகள் அங்குச் சென்று நடத்திய போராட்டத்தின் பயனாக, 1918ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது.

இதற்கிடையே ரசாயன சாத்திரம் வேறொரு மாறுதலை உண்டாக்கியிருந்தது. 1856இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் 18 வயது இளைஞர் தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டார். 1868இல் ஜெர்மானிய அறிஞர் இருவர் மஞ்சிட்டியின் செந்நிறப் பொருளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரித் தோட்டங்கள் சரிந்தன. மலைநாட்டுச் சந்தைகளிலும் சிறு பொட்டலங்களில் சாயத்தூள் வந்துசேர்ந்தது. விறகு திரட்டவும் வேர் தோண்டவும் நாட்கணக்கில் உழைத்த பெண்ணுக்கு அந்தப் பொட்டலம் ஓர் விடுதலையாகவே இருந்திருக்கும். அதனை வாங்கியதற்காக அவளைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் பொட்டலம் வந்தபின் வேரின் பெயர் மறந்தது. எந்தப் பருவத்தில் தோண்டுவது, எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்னும் அறிவும் முதியவர்களோடு மறைந்துவந்தது. எழுதிவைக்காத அறிவுக்கு ஒரு தலைமுறை இடைவெளியே போதும்.

இந்நாளில் நிலைமை மீண்டும் திரும்பியிருக்கிறது. நாட்டின் பல பகுதிகளில் பெண்கள் கூடிப் பின்னுவதோடு, மாதுளைத் தோடும் வெங்காயச் சருகும் கொம்பரக்கும் கொண்டு நூலுக்குச் சாயமிடவும் கற்கின்றனர். தமிழ்நாட்டில் திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி விளைந்து நீலக்கட்டியாகி வெளியூர் செல்கிறது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் ரோதங்குக்கு அடியில் சுமார் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதால், லாஹுலின் பழைய பனிச்சிறையும் தளர்ந்துவிட்டது. வாங்குவோர் இனி வாசலுக்கே வருவர். இயந்திரத்தில் பின்னிய மலிவுக் காலுறையும் அதே வழியில் வரும். பின்னலுக்கென்று ஒதுங்கியிருந்த அந்த நீண்ட குளிர்காலம் இனி முன்போல் ஒதுங்கி நிற்காது.

ஆகவே இன்றைய பின்னல் வகுப்புகளின் முன் இரண்டு கடமைகள் உள்ளன. செடியிலிருந்து வந்த நிறமெல்லாம் தூயது என்று நம்பிவிடாமல், அச்செடியைப் பயிரிட்டவர் விரும்பிப் பயிரிட்டாரா, உரிய கூலி பெற்றாரா என்று கேட்பது ஒன்று. சம்பாரணின் பாடம் அது. கற்றதைப் பூட்டி வைக்காமல், அடுத்தவள் கண்ணி எண்ணிப் பார்ப்பதற்காகத் தன் வேலையை அவள் கையில் கொடுப்பது மற்றொன்று. கேலாங்கின் பாடம் அது. அக்கலையைக் கொணர்ந்த சபையார் அவ்வூரைவிட்டுப் போய்விட்டனர்; கற்றுக்கொண்ட கைகள் மட்டும் இன்னும் அங்கே பின்னிக்கொண்டிருக்கின்றன.