காயல்கரையில் நின்ற இருப்புப்பாதை: ஷொர்ணூர்–கொச்சி இணைப்பும் கொங்குப் பின்னிலமும்

கொச்சி அரசின் முதலீட்டில் அமைந்து, 1902 ஜூலை 16 அன்று பயணிகளுக்குத் திறக்கப்பட்ட ஷொர்ணூர்–எறணாகுளம் இருப்புப்பாதையைப் பற்றிய பேச்சு, அரசர் ராமவர்மா திருப்பூணித்துறைக் கோயிலின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் திரட்டினார் என்று வழங்கிவரும் செய்தியையே பெரும்பாலும் சுற்றி நிற்கிறது. அச்செய்தி போற்றத்தக்கதே, ஆயினும் அதிலேயே நின்றுவிடும் பார்வை, அப்பாதை எந்த நிலப்பகுதியின் சரக்கை எதிர்நோக்கியது, அச்சரக்கு கப்பலேறுவதில் ஏன் இத்தனை தடைகள் இருந்தன என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. சுமார் 65 மைல் நீளமே கொண்ட இக்குறும்பாதையின் வரலாற்றைப் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கேயுள்ள கோயம்புத்தூரின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் ஏற்றத்தாழ்வுகள் விளங்கும்.

ஒரு துறைமுகத்துக்குச் சரக்கை அனுப்பியும் அதன்வழி வரும் சரக்கைப் பெற்றும் வாழும் உள்நாட்டுப் பகுதியைப் பின்னிலம் என்பர். கொச்சிக்கு அவ்வாறு அமையக்கூடியது கோயம்புத்தூரை உள்ளடக்கிய கொங்குநாடு. ஆனால் அதன் மேற்கு எல்லையில், தொண்டாமுத்தூருக்கு அப்பால், வெள்ளியங்கிரியும் சிறுவாணி மலைகளும் மதிலாக நிற்பதால், கடல் தொலைவில் இல்லாதபோதும் வண்டிச் சரக்கு நேர்மேற்கே செல்ல வழியில்லை. அது தெற்கே திரும்பி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயின் வழியாகவே மேற்குக் கடற்கரையை அடைந்தாக வேண்டும். மெட்ராஸ் ரயில்வே நிறுவனம் இக்கணவாய் வழியே இட்ட பாதை 1862இல் சென்னையை மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூருடன் இணைத்தது. அது போத்தனூர் வழியே சென்றதால், கோயம்புத்தூர் நகரத்துக்கு மேட்டுப்பாளையம் கிளைப்பாதை வந்த 1873ஆம் ஆண்டில்தான் ரயில் கிடைத்தது. பேப்பூர் பெருங்கப்பல்களுக்கு ஏற்ற துறையன்று. கோவையிலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, சுமார் 190 கிலோமீட்டரில் இருந்த கொச்சிக்கு 1902 வரை தண்டவாளமே இல்லை.

அவ்வாண்டில் இடப்பட்ட தண்டவாளமும் இடைவெளியை முழுமையாக நிரப்பவில்லை. மெட்ராஸ் ரயில்வேயின் பாதை 5 அடி 6 அங்குல இடைவெளியுள்ள அகலப்பாதை; கொச்சி அரசின் பாதையோ செலவு குறைந்த மீட்டர்பாதை. ஆகவே ஷொர்ணூரில் ஒவ்வொரு மூட்டையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கப்பட்டு மற்றொரு வண்டியில் ஏற்றப்பட வேண்டியிருந்தது. கூலியும் காலதாமதமும் சேதமும் அதனுடன் கூடின. இரண்டாவது தடை நீரில் இருந்தது. பாதை வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில், எறணாகுளத்தில், முடிந்துவிட, காயலின் முகத்துவாரத்தை மணல்திட்டு மறித்ததால் பெருங்கப்பல்கள் வெளியே ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. ரயிலிலிருந்து இறங்கிய சரக்கு தோணியேறிக் காயலைக் கடந்து, பின்னர் கடலலைகளுக்கிடையே கப்பலை எட்ட வேண்டியிருந்தது. தென்மேற்குப் பருவமழையில் இது மேலும் கடினமாயிற்று. ஆட்சியெல்லையும் இதே கோட்டில் பிளவுபட்டிருந்தது: எறணாகுளம் கொச்சி அரசுக்கும், எதிர்க்கரையிலுள்ள கோட்டைக்கொச்சி பிரிட்டிஷ் மலபாருக்கும் உரியவை. நகரத்தையும் துறைமுகத்தையும் இணைத்ததாகப் புகழப்படும் இப்பாதை, உண்மையில் இரு முனைகளிலும் அறுந்தே இருந்தது.



மாற்றத்தைத் தொடங்கிவைத்தவர், 1920இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ. மணல்திட்டு வெட்டப்பட்டு, 1928 மே மாதத்தில் 'பத்மா' என்னும் நீராவிக் கப்பல் உட்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. 1930களில் ஷொர்ணூர்–எறணாகுளம் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பாலம் கட்டப்பட்டுத் தண்டவாளமும் தீவை எட்டியது. இதே பத்தாண்டின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்து, 1888இல் ஸ்டேன்ஸ் மில்லுடன் தொடங்கிய நூற்பாலைத் தொழில் பன்மடங்கு பெருக வழிசெய்தது. இரு நிகழ்வுகளில் ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்கியது என்று சொல்ல இடமில்லை. ஆனால் பெருகும் ஆலைகளும் மூட்டை மாற்றாமல் செல்லும் பாதையும் கப்பல் அருகே வந்துநிற்கும் துறையும் ஒரே காலத்தில் கைகூடியதாலேயே, 1902இல் எண்ணப்பட்டது முப்பது ஆண்டுகளுக்குப் பின் செயலாயிற்று. அந்த முப்பதாண்டுத் தாமதத்தைப் பேசாத எந்த வரலாறும் இப்பாதைக்கு நியாயம் செய்வதாகாது.

2011 பிப்ரவரியில் தொடங்கிய வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையத்துக்காக, காயலுக்கு மேலே 4.62 கிலோமீட்டர் நீள ரயில்பாலம் கட்டப்பட்டபோது, பழைய இரண்டாவது தடை இன்னொரு முறை அகற்றப்பட்டது. அப்படியிருந்தும் கோவை, திருப்பூர்ப் பெட்டகங்களில் பெரும்பகுதி, மேலும் தொலைவிலுள்ள தூத்துக்குடிக்குச் சாலைவழியே செல்கிறது. கப்பல் வரத்து, கட்டணம், எல்லை கடக்கும் முறைகள் ஆகியவை தூரத்தைவிட முன்னிற்கும் இந்நிலையில், 1902ஆம் ஆண்டுப் பாதையின் ஆய்வும் தண்டவாளத்தோடு நின்றுவிடாமல், மூட்டை எங்கே இறக்கப்பட்டது, அதற்கான கூலியை யார் சுமந்தார் என்பதிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.