பால்மரக் காடும் வெண்திரையும்

குற்றக் கதைகளை நாம் பொழுதுபோக்கிற்குரியவை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். கொலை, துப்பு, துரத்தல் ஆகியவை இலக்கிய மேடைக்கு ஏற்றவை அல்ல என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். ஆனால் பேராக் மாநிலத்துத் தோட்டங்களின் வரலாற்றைப் புரட்டுவோருக்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. வேற்று நாட்டிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளியின் வாழ்வே இம்மண்ணில் ஒரு குற்றக் கதையாகத்தான் தொடங்கியது. அதில் குற்றவாளி யார், குற்றத்திற்கு ஆளானவன் யார் என்பதைத்தான் காலந்தோறும் சட்டம் மாற்றி மாற்றி எழுதி வந்துள்ளது.

அண்மைக் காலத்தில் மலேசியாவில் சிறு முதலீட்டில் எடுக்கப்பட்ட சில திரைப்படங்கள் இந்த உண்மையைத் தொட்டிருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், திரைக்குப் பின்னால் இருக்கும் மண்ணை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கடனில் தொடங்கிய பயணம்

1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக் ஆங்கிலேயரின் மேற்பார்வைக்குள் வந்தது. 1877இல் பிரேசில் நாட்டு வித்திலிருந்து பிறந்த ரப்பர்க் கன்றுகள் சில கோலகங்சாரில், ஆங்கிலேய ஆலோசகர் ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. அன்று அவை வெறும் வேடிக்கை மரங்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்து, மோட்டார் வண்டிகள் பெருகியபோது அவை பொன் காய்க்கும் மரங்களாயின. ஈயத்திற்குப் பெயர்பெற்ற கிந்தாப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த காடுகள் அழிந்து, கித்தாத் தோட்டங்கள் எழுந்தன. காட்டை அழிக்கவும் பால் வெட்டவும் ஆட்கள் தேவைப்பட்டனர்.

அந்த ஆட்களைத் தமிழகம் தந்தது. தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாக அவர்கள் வந்தனர். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவன் வேலையை விட்டு ஓடினால், அது உரிமை மீறல் என்ற அளவோடு நிற்கவில்லை. தண்டனைக்குரிய குற்றமாகவே கருதப்பட்டது. அடித்த துரை குற்றவாளியல்லன். அடிக்குப் பயந்து ஓடியவனே குற்றவாளி. 1910ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் திரட்டும் முறை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே வளர்ந்து நின்ற கங்காணி முறை அதன் இடத்தை முழுமையாகப் பிடித்துக்கொண்டது.

கங்காணி அந்நியனல்லன். அதே ஊரான், பெரும்பாலும் அதே சாதியான், சில வேளைகளில் உறவினன். கையில் முன்பணமும் வாயில் இனிய சொல்லும் கொண்டு ஊருக்கு வந்தான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி, கடலைக் கடந்து தோட்டத்து லயத்தில் கால் வைத்தபோது, தொழிலாளி தான் யாரை நம்பி வந்தானோ அவனுக்கே கட்டுப்பட்டவனானான். தன் கீழ் உள்ளோர் வேலைக்கு வந்த நாள்களைக் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அவன் கூலியும் போயிற்று; கங்காணியின் காசும் போயிற்று. ஆகவே, காய்ச்சலோடு பிரட்டுக்கு எழுப்பப்பட்டவர் பலர். நம்பிக்கையே பொறியாக மாறிய கதை இது. நல்ல குற்றக் கதையாசிரியன் எவனும் இதைவிடக் கூர்மையான தொடக்கத்தைக் கற்பனை செய்துவிட முடியாது.

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியபோது, இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசாங்கம், உதவி பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் பெயர்வை முற்றாகத் தடை செய்தது. கங்காணி காலம் சட்டப்படி முடிந்தது. அதன் நிழல் முடியவில்லை.

இலவசப் படக்காட்சி

1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் கைக்கு வந்தது. தோட்டங்களில் ரப்பர் வாங்குவாரில்லை, அரிசி இல்லை, வேலையும் இல்லை. இந்நிலையில்தான் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு ஆள் திரட்டும் படலம் தொடங்கிற்று. நல்ல சம்பளம், சில மாத வேலை, குடும்பத்திற்கு உணவு என்று முதலில் வாக்களிக்கப்பட்டது. அந்த வாக்கு பொய் என்று தெரிந்து ஆட்கள் குறைந்தபோது, வலிந்து பிடித்துச் செல்லும் முறை வந்தது.

அக்காலத்தைப் பற்றிய பதிவுகளில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. இலவசத் திரைப்படக் காட்சி என்று அறிவிப்பார்களாம். ஏழைத் தொழிலாளர் ஆவலோடு கூடுவார்களாம். கொட்டகை நிரம்பியதும் கதவுகள் அடைக்கப்படும். உள்ளே இருந்தவர்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு, இரயிலுக்குக் கொண்டு செல்லப்படுவார்கள். வெண்திரையைக் காண வந்தவன் சயாமியக் காட்டில் கண் விழித்தான்!

மலாயாவிலிருந்து இவ்வாறு சென்றோர் ஏறத்தாழ 75,000 பேர் எனக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் மிகப் பெரும் பகுதியினர் தோட்டத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அடியும் பல்லாயிரவரை விழுங்கின. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போர்க் கைதிகளான வெள்ளையருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் எழுந்தன. அவற்றில் பெயர்கள் பொறிக்கப்பட்டன. நம்மவரின் புதைகுழிகளுக்குப் பெயர் இல்லை. அவர்களைக் குறித்துப் பின்னாளில் ஹாலிவுட் எடுத்த பெரும்படமும் பேசவில்லை. 1957இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற குவாய் ஆற்றுப் பாலப் படத்தில் வெள்ளைக் கைதிகளின் மானம் கதையாயிற்று. ஆசியத் தொழிலாளியின் மரணம் கதையாகவில்லை.

சுங்கை சிப்புட்டில் ஒரு காலை

போர் முடிந்தபின் தொழிலாளர் தலைநிமிர்ந்தனர். சங்கங்கள் எழுந்தன, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1948 ஜூன் 16ஆம் நாள் காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்து அலுவலகத்தில் ஆர்தர் வாக்கர் என்ற துரை சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில் அண்மையிலிருந்த மற்றொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்னும் இருவர் கொல்லப்பட்டனர். அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டே நாள்களில் அது மலாயா முழுவதற்கும் விரிந்தது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது.

அந்த மூன்று மரணங்களை வரலாற்று நூல்கள் எல்லாம் எழுதியுள்ளன; எழுதத்தான் வேண்டும். ஆயினும் அந்தத் துப்பாக்கி ஓசைக்குப்பின் லயத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் குறைவாகவே எழுதியுள்ளன. இரவில் காட்டிலிருந்து வருவோர் அரிசி கேட்டனர். பகலில் சிப்பாய்கள் வந்து, அரிசி கொடுத்தது யார் என்று கேட்டனர். கொடுத்தாலும் ஆபத்து, மறுத்தாலும் ஆபத்து. முள்வேலிக்குள் லயங்கள் அடைக்கப்பட்டன. பால் வெட்டச் செல்லும் பெண்கள் வாயிலில் சோதனையிடப்பட்டனர். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் மற்றொரு தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கம் என்ற சொல்லே அச்சத்திற்குரியதாயிற்று. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்த பின்னரே அச்சொல் மெல்ல மீண்டும் லயத்துக்குள் நுழைந்தது.

லயம் கலைந்தபின்

விடுதலைக்குப் பின் வந்த ஆபத்து துப்பாக்கியோடு வரவில்லை, பத்திரத்தோடு வந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளியின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க முற்பட்டார். அது பெருமுயற்சி, ஆனால் வெள்ளம் அணையைவிடப் பெரிதாக இருந்தது. 1969க்குப் பின் குடியுரிமை பெறாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற விதி வந்ததும், இங்கேயே உழைத்து முதிர்ந்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினர். பின்னர் கித்தா மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. இலட்சக்கணக்கானோர் நகர ஓரங்களுக்குப் பெயர்ந்தனர்.

லயம் ஏழ்மையானதுதான். ஆனால் அங்கே கோயில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, ஆயாக் கொட்டகை இருந்தது, தவறு செய்யும் பிள்ளையைத் தட்டிக் கேட்க அண்டை வீட்டார் இருந்தனர். நகர ஓரத்துப் புறம்போக்குக் குடிசையில் இவை எதுவும் இல்லை. அங்கே பிள்ளைகளை அரவணைக்க முன்வந்தவை குண்டர் கும்பல்கள்.

இந்த இடத்தில்தான் நம் திரைப்படங்கள் வருகின்றன. 2005இல் தீபக் குமரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’ 1960களின் தோட்ட வாழ்வை அமைதியாகக் காட்டிற்று. 2015இல் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வந்தது. தோட்டத்தை இழந்த தலைமுறையின் பிள்ளை அப்போய். ஒரு புறம் படிக்கச் சொல்லி அடிக்கும் தந்தை. மறுபுறம் மதிப்பும் பணமும் உடைய குண்டர் சித்தப்பா. எந்தப் பாதையில் அவன் செல்கிறான் என்பதே கதை. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் மொழி அடிப்படையில் பிரிவுகள் வகுக்கப்பட்டபோது, எல்லா இனத்துக் கலைஞரிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. விதி திருத்தப்பட்டது, ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. சிறு முதலீட்டுத் தமிழ்ப் படம் ஒன்று நாட்டின் படமாக ஏற்கப்பட்ட நாள் அது.

இப்படங்களுக்குப் பெரும் அரங்கம் தேவைப்படவில்லை. இடிந்த லயமும் செம்மண் பாதையும் செம்பனைக் காட்டின் இருளுமே போதுமாயிருந்தன. பத்து காஜாவுக்கு அருகில் முற்றுப்பெறாமல் நிற்கும் கெல்லி கோட்டையை எண்ணிப் பாருங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித்துக்காகத் தமிழ்த் தொழிலாளர் எழுப்பிய மாளிகை அது. கட்டுமானத்தின்போது பரவிய கொள்ளைநோயில் அவர்களுள் பலர் மாண்டனர். அருகே அவர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. 1999இல் ஹாலிவுட் படம் ஒன்று அங்கே சயாமிய அரசவைக் கதையைப் படம் பிடித்தது. மாளிகை திரையேறியது. கட்டியவன் கதை அங்கேயே நின்றது.

இன்றைய விருந்தாளிகள்

இனி நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் விட்டு வந்த தோட்டங்களில் இன்று யார் இருக்கிறார்கள்? இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளியர், தமிழகத்திலிருந்தே வந்த புதியவரும் கூட. தரகருக்குக் கொடுத்த கடன் அவர்கள் தலையில் இருக்கிறது. கடப்பிதழைப் பிறர் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். ஆயினும் பலருடைய கடப்பிதழ் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால், கொடுமை தாங்காமல் வெளியேறுபவன் அந்தக் கணமே சட்டவிரோதியாகிறான். 2002 முதல் சட்டவிரோதக் குடிநுழைவுக்குப் பிரம்படியும் உண்டு. ஓடியவனே குற்றவாளி என்ற பழைய ஏற்பாடு வேறு பெயரில் திரும்பியிருப்பதை இங்கே காணலாம்.

2015இல் பெர்லிஸ் மாநிலத்து வாங் கெலியான் மலைக்காட்டில், சயாம் எல்லையோரம், ஆள் கடத்துவோரின் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டெடுக்கப்பட்டன. பெயரில்லாத புதைகுழிகள் நமக்குப் புதியவை அல்லவே! 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் உள்ளன என்று கூறி, மலேசியப் பெருநிறுவனங்கள் இரண்டின் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. அவற்றுள் ஒன்றின் மீதான தடை, திருத்தங்களுக்குப் பின் 2023இல் விலக்கப்பட்டது. தடையின் காரணங்களாகச் சொல்லப்பட்டவற்றைப் படித்தால் கடன், சம்பளப் பிடிப்பு, பறிக்கப்பட்ட பத்திரம் என்று நம் பாட்டன் காலத்துச் சொற்களே வருகின்றன.

2018இல் நம் ரோன் என்ற மலாய் இயக்குநர் ‘ஒன் டூ ஜாகா’ என்னும் படத்தில், கோலாலம்பூரின் வெளிநாட்டுத் தொழிலாளரையும், கையூட்டு வாங்கும் காவலரையும் வைத்து ஒரு குற்றக் கதை சொன்னார். அதைப் பார்க்கும் தோட்டத் தமிழனுக்கு அதில் வரும் இந்தோனேசியன் அந்நியனாகத் தோன்றமாட்டான். தோன்றினால், குறை அந்தப் படத்தில் இல்லை. நம் நினைவில் இருக்கிறது.

ஈப்போவின் புந்தோங் தெருக்களில் இன்றும் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கின்றனர். அவர்களுள் சிலர் கடை நடத்துகின்றனர், சிலர் மேலாளர்கள், சிலர் அந்நியத் தொழிலாளரை வேலைக்கு அமர்த்தும் முதலாளிகள். ஒரு காலத்தில் நாம் நின்ற இடத்தில் இன்று வேறொருவன் நிற்கிறான். துரையும் கங்காணியும் நின்ற இடத்தில் நம்மவருள் சிலரே நிற்கும் வாய்ப்பும் நேர்ந்திருக்கிறது. வரலாறு நமக்கு அளித்துள்ள கடுமையான தேர்வு இது.

பேராக்கின் கைவிடப்பட்ட லயம் ஒன்றில், இரவில், பத்திரமின்றி ஒளிந்திருக்கும் தொழிலாளியின் கதையை நாளை நம் இளைஞர் ஒருவர் சிறு முதலீட்டில் படமாக்கக்கூடும். அவர் அதில் துப்பறிய வேண்டியது ஒன்றுதான்: இவனை இங்கே கொண்டுவந்து சேர்த்த கடன் யாருடையது? அந்தக் கேள்வியின் முதல் விடையை நம் பாட்டன்மார் ஏற்கனவே தங்கள் உடம்பால் எழுதிவிட்டனர். அதை எடுத்துப் படிப்பதும், அடுத்தவனுக்காகப் பேசுவதும் நம் கடமை.