ஷோங்கு செவ்வாய்க்குப் புறப்பட்ட கதை

1961 ஏப்ரலில் யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். அடுத்த மாதம் கல்கத்தாவில் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகை மறுபடி உயிர்பெற்றது. தாத்தா உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கி, அப்பா சுகுமார் ராய் நடத்தி, பிறகு நின்றுபோன பத்திரிகை. கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயைச் சேர்த்துக்கொண்டு அதைத் திரும்பக் கொண்டுவந்தவர் சத்யஜித் ராய்.

அப்பு படங்களால் அப்போதே உலகறிந்த இயக்குநர்தான். ஆனால் பத்திரிகை என்று ஒன்று நடத்தினால் மாதாமாதம் பக்கம் நிரப்ப வேண்டுமே! நாற்பது வயதில் அவர் குழந்தைகளுக்குக் கதை எழுத உட்கார்ந்தது அப்படித்தான். படங்களையும் தானே வரைந்தார். அந்த ஆண்டே வந்தது 'விண்வெளிப் பயணியின் டைரி'. அதில் பிறந்தவர்தான் புரொஃபசர் ஷோங்கு.

வித்து அப்பாவிடமிருந்து வந்தது. கோனன் டாயிலின் 'லாஸ்ட் வேர்ல்ட்' நாவலைக் கேலிசெய்து, ஒரு வேட்டைக்காரரின் டைரியாக சுகுமார் எழுதிய கதை பழைய சந்தேஷில் வந்திருந்தது. மகனும் டைரியையே எடுத்துக்கொண்டார். சுந்தரவனத்தில் விண்கல் விழுந்த குழியில் ஷோங்குவின் டைரி நோட்டு கிடைக்கிறது. மையின் நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. தாள் கிழியாது, தீயிலும் வேகாது. அதில் எழுதியிருப்பதுதான் கதை.

ஷோங்குவின் முதல் ராக்கெட் விண்வெளிக்கே போகவில்லை. வேலைக்காரர் பிரகலாத் கடிகார முள்ளை மாற்றிவைத்துவிட, பக்கத்து வீட்டு அபினாஷ் பாபுவின் முள்ளங்கித் தோட்டத்தில் போய் விழுகிறது. அவர் கேட்டது நஷ்டஈடு! இரண்டாவது ராக்கெட்டில் பிரகலாத், பூனை நியூட்டன், ஷோங்கு செய்த ரோபோ விதுசேகர் எல்லோரும் செவ்வாய்க்குக் கிளம்புகிறார்கள். கையில் ஆயுதம், மூக்குப்பொடித் துப்பாக்கி. சுட்டால் ஆள் சாகமாட்டான்; ஒரு நாளுக்கு மேல் தும்மிக்கொண்டே இருப்பான். சோதனைக்கு அகப்பட்டவர், பாவம், பிரகலாத்தான்.

பின்னாளில் ஷோங்கு பல நாட்டு விஞ்ஞானிகளோடு பழகும் பெரிய மனிதராகிவிட்டார். முடிந்த கதைகள் மட்டும் 38. எனக்கென்னவோ அந்த முதல் கிறுக்கரைத்தான் பிடிக்கும். அந்த முதல் கதையின் கடைசியில் அவர் டாஃபா என்ற கிரகத்தில் இறங்குகிறார். அங்கே எறும்பு போன்றவர்கள் வசிக்கிறார்கள். கோபத்தில் ஒருவன்மேல் துப்பாக்கியைப் பிரயோகிக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கிரகத்தார் இன்னும் தும்மவே கற்றுக்கொள்ளவில்லை.

நெருப்புக்கும் அசையாத அந்த டைரியை பூமியில் எறும்புகள் தின்று தீர்த்துவிடுகின்றன.