கப்பல் விருந்தும் சேலையும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் முன்னோர் மொழி. எந்த அவைக்கு எந்த ஆடை உரியது என்பதை வகுப்பவர் யார் என்ற வினாவும் அப்பழமொழியினுள் அடங்கியிருக்கிறது. அவ்வினாவுக்கு விடை தேடினால் நம் பெண்டிரின் வரலாற்றில் ஓர் ஏடு விரியக் காணலாம்.

சிங்கப்பூரில் மரினா பே கப்பல் முனையம் 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கிருந்து உல்லாசக் கப்பலேறும் தமிழ்க் குடும்பங்கள் இன்று பலவாகும். இத்தகைய கப்பல்கள் பலவற்றில், பயணத்தின் ஓரிரு இரவுகள் சிறப்பு விருந்துக்கென ஒதுக்கப்படும். ஆடவர் கோட்டும் கழுத்துப்பட்டியும், பெண்டிர் கணுக்கால் வரை நீண்ட மாலை அங்கியும் அணிதல் அவ்விரவுகளின் வழக்கம். ‘அங்கே சேலை உடுத்தலாமா?’ என நம் பெண்மணிகள் தயங்குவதுண்டு. உடுத்தலாம் என்பதே விடை. ஆயினும் அந்த உரிமை எளிதில் கிட்டியதன்று.

இரவு விருந்துக்கென உடை மாற்றும் வழக்கம் ஐரோப்பிய மேட்டுக்குடியினரிடம் தோன்றிப் பெருங்கடற் கப்பல்களின் முதல் வகுப்பிலும் நிலைபெற்றது. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் அதுவே அவை நாகரிகத்தின் அளவுகோலாயிற்று. அந்த அளவுகோலுக்கு முன் இந்தியப் பெண் எதை உடுத்து நிற்பது? இவ்வினாவை எதிர்கொண்டவருள் முதன்மையானவர் வங்கத்து ஞானதாநந்தினி தேவி. இவர் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் இந்தியரான சத்தியேந்திரநாத் தாகூரின் துணைவியார். வங்கப் பெண்டிர் ரவிக்கையின்றி வீட்டினுள் சேலை சுற்றியிருந்த காலம் அது. 1864இல் பம்பாய் சென்ற அவர், பார்சிப் பெண்டிர் சேலை கட்டும் பாங்கைக் கண்டார்; அதைத் தமக்கேற்பத் திருத்தி, ரவிக்கையும் உட்பாவாடையும் சேர்த்து, பொது அவைக்குரிய உடையாக்கினார். அங்கியைக் கடன் வாங்காமல் சேலையையே அவைக்கு இசைவித்தது அவர்தம் துணிவு. 1877இல் கணவர் உடன்வராத நிலையில், சிறு குழந்தைகளோடு கப்பலேறி இங்கிலாந்து சென்றவரும் அவரே.

இந்தியா விடுதலை பெற்றபின் அவ்வுடை உலக அரங்கு ஏறியது. 1953இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் முதல் பெண் தலைவரான விஜயலட்சுமி பண்டிட், சேலையுடுத்தே அவ்விருக்கையில் அமர்ந்தார்.

நம் சிங்கப்பூர்த் தமிழரின் கதை இதனினும் வேறு. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன்பின் ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது, 1985ஆம் ஆண்டுத் தீவிபத்தோடு அதன் பயணிகள் போக்குவரத்து முடிவுற்றது. நம் பாட்டிமாருள் பலர் ரஜூலாவின் ‘டெக்’ பயணிகளாக வந்தவர்கள். தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, நூற்சேலை முந்தானையால் குழந்தையைப் போர்த்தி வந்தார்கள். மேல்வகுப்பு உணவுக்கூடத்தின் உடை விதி அவர்களைத் தீண்டவேயில்லை; அக்கூடத்தின் கதவே அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை.

இங்குள்ள பிற இனத்தாரின் உடையும் இத்தகைய உயர்வு பெற்றதே. 1968இல் பிரெஞ்சு ஆடைக் கலைஞர் பியர் பால்மேன், சரோங் கெபாயாவைத் தழுவி விமானப் பணிப்பெண்களின் சீருடையை வடிவமைத்தார். 2024இல் கெபாயா யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. அவ்வுடையைச் சிங்கப்பூர் பெருமையுடன் கொண்டாடுகிறது. சேலைக்கும் அப்பெருமை உண்டு.

இனி, நடைமுறை பற்றிச் சில சொற்கள். தேசிய உடையைச் சிறப்பு உடையாக ஏற்கும் கப்பல்கள் பல. எனினும் விதி கப்பலுக்குக் கப்பல் வேறுபடுமாதலால் முன்னரே வினவுதல் நலம். கப்பல் அசையும், படிகளும் உண்டு. எனவே கனத்த காஞ்சிபுரப் பட்டினும் மென்மையான மைசூர்ப் பட்டு வசதியானது. மடிப்புகளை ஊக்கால் இறுக்கி, கரை தரையில் புரளாதவாறு கட்டி, தாழ்ந்த குதியுள்ள காலணி அணிதல் நன்று. உப்புக் காற்று சரிகையைக் கறுக்கச் செய்யும். ஆதலின் பருத்தித் துணியில் சுற்றி எடுத்துச் செல்லல் வேண்டும். குளிரூட்டிய கூடத்தில் முந்தானையே போர்வையாகும். புதிய அங்கிக்குப் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையில் வாங்கி, திருமணத்திற்கு உடுத்திய பட்டே போதும்.

மேலை அங்கி அணிவதும் தவறன்று. அது அவரவர் விருப்பம். ஆனால் சேலை அவைக்கு ஒவ்வாதோ என்னும் அச்சத்தால் அங்கியை நாடுதல் வேண்டா. ஆசிரியப் பெருமக்கள் இவ்வரலாற்றை வகுப்பறையில் எடுத்துரைத்தல் வேண்டும். டெக்கில் பாய் விரித்த பெண்ணின் பேத்தி இன்று பட்டுடுத்தி விருந்து மேசையில் அமர்கிறாள். அவள் அமரும் அவ்விருக்கை எத்துணைத் தொலைவு கடந்து வந்தது என்பதை அவள் அறிந்திருத்தல் நலம்.